பாஸ்மேன் சர்க்யூட்டில் ஆம்ப் கட்டி விற்றால் பின்பக்கம் யார் பெயரைப் போடுவது?

டர்ரெட்போர்டு:

45 வாட் வால்வு கிதார் ஆம்ப், ஸ்பீக்கர் இல்லாத ஹெட், முதல் தவணையாகப் பத்து எண்ணம் கட்டி விற்கத் திட்டம். அடிப்படை 1950களின் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப், 5எஃப்6-ஏ என்ற சர்க்யூட் (கீழே 'கே' என்றால் கிலோ ஓம், 'மைக்ரோ' என்றால் மைக்ரோஃபாரட்). அதில் மாற்றியது: முதல் வால்வு 12ஏஒய்7க்குப் பதில் ஈசிசி83. பவர் வால்வு இரண்டு கேடி66. நெகட்டிவ் ஃபீட்பேக் (அவுட்புட்டில் ஒரு பங்கை எதிர்த்திசையில் முன்னால் திருப்பி அனுப்புவது) 27 கே வழியாக, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் 16 ஓம் டேப்பிலிருந்து. பிரைட் சேனல் கேதோடைத் தனியாகப் பிரித்து 2.7 கே, 0.68 மைக்ரோ. ஃபேஸ் இன்வெர்ட்டருக்கு (சிக்னலை இரண்டு பவர் வால்வுக்கும் எதிரெதிராகப் பிரித்துக் கொடுக்கும் நிலை) பின்னால் ஒரு மாஸ்டர் வால்யூம், 250 கே இரட்டை பாட் (திருகும் ரெசிஸ்டர்). ரெக்டிஃபையர் ஜிஇசட்34, முதல் ஃபில்டர் 100 மைக்ரோ.

போர்டு லேஅவுட் என்னுடையது இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு படத்தை கீகேட் என்ற போர்டு வரையும் மென்பொருளில் அப்படியே திருப்பி வரைந்து பிசிபி ஆக்கினேன். அந்தப் படத்தின் மூலையில் 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று ஒரு வரி இருக்கிறது.

ஸ்கீமேட்டிக்கைப் பார்த்த ஒருவர் 'இது ஃபெண்டர் காப்பி' என்கிறார். இன்னொருவர் 'இல்லை, அப்பட்டமான மார்ஷல் ஜேடிஎம்45' என்கிறார். லேஅவுட் வரைந்தவர் 'என் பெயர் போடாமல் விற்கக்கூடாது' என்று எழுதியிருக்கிறார். இதில் டிசைன் யாருடையது? விற்பதில் சட்டச் சிக்கல் உண்டா? பின்பேனலில் என்ன எழுதுவது? போர்டின் மேல் எபாக்ஸி ஊற்றி மூடிவிட்டால் பிரச்சினையே வராது என்றும் ஒரு யோசனை வந்தது. அதையும் சொல்லுங்கள்.

கேதோடுஃபாலோயர்:

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக்கூடாது என்பார்கள். ஆம்ப் மூலத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். ஆனால் கேட்டுவிட்டீர்கள், பார்த்துவிடுவோம்.

ஜேடிஎம்45 என்பது 1962இல் லண்டன் ஹேன்வெல்லில் ஜிம் மார்ஷலின் கடையில் 5எஃப்6-ஏவைப் பார்த்துக் கட்டியது. இரண்டு ஸ்கீமேட்டிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் நிலையில் பிளேட் ரெசிஸ்டர் இரண்டிலும் 100 கே, இரண்டு சேனலுக்கும் பொதுவாக 820 ஓம் கேதோடு, கூடவே 250 மைக்ரோ. சேனல்களைக் கலக்க 270 கே இரண்டு. அடுத்து நேரடியாக இணைத்த கேதோடு ஃபாலோயர். டோன் ஸ்டாக்கில் ஸ்லோப் ரெசிஸ்டர் 56 கே, ட்ரெபிள் பாட் 250 கே, பாஸ் 1 மெக், மிட் 25 கே. ஃபேஸ் இன்வெர்ட்டரில் 82 கே, 100 கே, கீழே 470 ஓம், 10 கே. எல்லாம் ஒன்றுதான். காப்பியா என்று கேட்டால் காப்பிதான், மார்ஷல் தரப்பும் இதை ஒளித்து வைத்ததில்லை.

அப்படியானால் ஏன் இரண்டும் வேறு மாதிரி ஒலிக்கின்றன? நாலு இடம்தான்.

12ஏஒய்7இன் மியூ, அதாவது பெருக்கும் திறன், சுமார் 44. ஈசிசி83இல் 100. முதல் நிலையிலேயே கெயின் எகிறிவிடும், வால்யூம் பாதி தாண்டுமுன் அடுத்த நிலை கிளிப் ஆகத் தொடங்கும். இரண்டாவது, 5881க்குப் பதில் கேடி66. மூன்றாவது ஸ்பீக்கர். ஃபெண்டரில் பின்பக்கம் திறந்த பெட்டியில் 10 அங்குல ஜென்சன் நான்கு. மார்ஷலில் மூடிய பெட்டியில் 12 அங்குல செலஸ்டியன் நான்கு. நான்காவதைப் பலரும் கவனிப்பதில்லை: ஃபீட்பேக் ரெசிஸ்டர் இரண்டிலும் அதே 27 கே, ஆனால் வயர் கிளம்பும் இடம் வேறு. பாஸ்மேனின் நான்கு 8 ஓம் ஸ்பீக்கரும் பேரலலில் 2 ஓம், ஃபீட்பேக் அங்கிருந்து போகிறது. ஜேடிஎம்45இல் 16 ஓம் டேப்பிலிருந்து. 40 வாட்டில் 2 ஓமுக்குக் குறுக்கே சுமார் 9 வோல்ட், 16 ஓமுக்குக் குறுக்கே சுமார் 25 வோல்ட். அதே ரெசிஸ்டர், 2.8 மடங்கு ஃபீட்பேக். ஒரு வயரை எங்கே சாலிடர் பண்ணினார்கள் என்பதில் ஒரு நிறுவனத்தின் சவுண்டே இருக்கிறது.

உங்கள் மாற்றங்களுக்கு வருவோம். ஈசிசி83, கேடி66, 16 ஓமில் 27 கே மூன்றும் ஜேடிஎம்45. 2.7 கே, 0.68 மைக்ரோ கேதோடு, மார்ஷல் பிறகு, 'பிளெக்ஸி' என்று அழைக்கப்படும் ஆம்ப்களின் காலத்தில் கொண்டுவந்த மாற்றம். ஆக ஃபெண்டர் காப்பி என்றவரும் சரி, மார்ஷல் காப்பி என்றவரும் சரி. உங்களுடையது என்று ஸ்கீமேட்டிக்கில் ஒரு கோடு கூட இன்னும் இல்லை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, பெயர் பெற்ற பூட்டிக் ஆம்ப்கள் பலவற்றிலும் இந்த நிலைதான்.

ஆனால் இரண்டு தலைமுறையைக் கலக்கும்போது ஒரு ஆபத்து. ஜிஇசட்34 டேட்டாஷீட்டில் முதல் ஃபில்டருக்கு உச்சவரம்பு 60 மைக்ரோ. 100 மைக்ரோ என்பது சிலிக்கன் டயோடு போட்ட பிந்தைய ஆம்ப்களிலிருந்து வந்த எண்ணாக இருக்கும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் சார்ஜிங் கரன்ட் எகிறி வால்வுக்குள்ளேயே ஆர்க் அடிக்கலாம். நல்ல பழைய முல்லார்ட் கொஞ்ச நாள் தாங்கும். இன்று கிடைப்பவை தாங்காது. பாஸ்மேனில் இருந்தபடி 20 மைக்ரோ இரண்டை பேரலலில் போட்டு 40இல் நிறுத்துங்கள், அல்லது டயோடுக்கு மாறி எச்டி (வால்வுகளுக்குப் போகும் உயர் டிசி வோல்ட்டேஜ்) எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து பயாஸை (பவர் வால்வின் கிரிடுக்குக் கொடுக்கும் நெகட்டிவ் வோல்ட்டேஜ்) மறுபடி பாருங்கள்.

பிரிவு52:

சட்டப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன். விற்பனை பெரிதானால் வக்கீலைப் பாருங்கள்.

தமிழில் 'காப்புரிமை' என்ற ஒரே சொல்லை பேட்டன்டுக்கும் காப்பிரைட்டுக்கும் சேர்த்தே புழங்குகிறோம். ஆம்ப் சண்டைகளில் பாதி அந்தக் குழப்பத்திலேயே பிறக்கிறது. நான்கு தனித்தனி விஷயங்கள் இங்கே உண்டு: பேட்டன்ட், காப்பிரைட், டிரேட்மார்க், பதிவு செய்த டிசைன்.

பேட்டன்ட் விஷயத்தில் உங்களுக்குக் கவலை இல்லை. 1950களின் சர்க்யூட்டில் இன்று உயிரோடு இருக்கும் பேட்டன்ட் எதுவும் இருக்க முடியாது. இந்தியாவில் ஆயுள் 20 ஆண்டு. ஃபெண்டரே அன்று முழுக்கச் சொந்தச் சரக்கை விற்கவில்லை. அந்தக் காலத்து ஃபெண்டர் ஆம்ப்கள் பலவற்றின் உள்ளே ஒட்டிய வால்வு சார்ட்டில் அமெரிக்கன் டெலிபோன் அண்ட் டெலிகிராஃப், வெஸ்டர்ன் எலக்ட்ரிக் இரண்டின் பேட்டன்ட்களுக்கு லைசென்ஸ் பெற்றதாக ஒரு வரி இருக்கும். உங்கள் ஃபேஸ் இன்வெர்ட்டரான லாங் டெயில் பேர், பிரிட்டனில் ஆலன் ப்ளூம்லைன் 1930களில் பேட்டன்ட் எடுத்த வடிவம். நெகட்டிவ் ஃபீட்பேக் பெல் லேப்ஸில் ஹரால்ட் பிளாக் 1927இல் கண்டது.

கிதார் ஆம்பில் பேட்டன்டை ஆயுதமாக ஏந்தியவர் யார் என்றால் மெஸா பூகியின் ராண்டல் ஸ்மித். ஃபெண்டர் பிரின்ஸ்டனைக் குடைந்து தொழிலைத் தொடங்கிய அவர், கால்சுவிட்சால் ரிதம், லீட் என்று மாறும் ஆம்புக்கு 1980இல் அமெரிக்க பேட்டன்ட் வாங்கினார். அதுவும் காலாவதியாகிப் பல வருடம் ஆகிறது.

காப்பிரைட்: ஸ்கீமேட்டிக் என்ற படத்துக்கு உண்டு, அதில் காட்டிய சர்க்யூட்டுக்கு இல்லை. ஃபெண்டரின் படத்தை ஸ்கேன் செய்து உங்கள் மேனுவலில் ஒட்டினால் தவறு. அதைப் பார்த்து ஆம்ப் கட்டினால் தவறில்லை. நம் காப்பிரைட் சட்டத்தில் 52(1) பிரிவின் டபிள்யூ உட்பிரிவு இதற்கென்றே இருக்கிறது: தொழில்நுட்ப வரைபடம் போன்ற இரு பரிமாணப் படத்திலிருந்து, ஒரு கருவியின் முழுக்கச் செயல்பாடு சார்ந்த பகுதியைத் தொழில் உபயோகத்துக்காக முப்பரிமாணமாகச் செய்தால் அது மீறல் ஆகாது.

இங்கிலாந்தில் இதே கேள்வி நேராகவே நீதிமன்றம் போனது. மிக்சர் தயாரிக்கும் மேக்கி, பெரிங்கர் தன் சர்க்யூட்டைக் காப்பியடித்ததாக வழக்குப் போட்டது. 1999இல் வந்த தீர்ப்பில், சர்க்யூட் படம் என்பது ஒரு டிசைன் ஆவணம், அதிலிருந்து நெட்லிஸ்ட் (எந்தப் பார்ட் எதோடு இணைகிறது என்ற பட்டியல்) எடுத்து போர்டு செய்வது படத்தின் காப்பிரைட்டை மீறுவதல்ல என்று லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. நம் நாட்டு நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. வாதம் எப்படி ஓடும் என்று தெரிந்துகொள்ள உதவும்.

உங்கள் ஒரே பலவீனம் லேஅவுட். நீங்கள் நெட்லிஸ்ட் எடுக்கவில்லை, படத்தையே திருப்பி வரைந்திருக்கிறீர்கள். அவர் 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று எழுதியும் வைத்திருக்கிறார். 52 உங்களைக் காக்கும் என்று வாதாடலாம், ஆனால் பத்து ஆம்புக்காக அந்த வாதத்தில் ஏன் இறங்க வேண்டும்? 2000ஆம் ஆண்டின் லேஅவுட் சட்டத்தைக் காட்டி யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள், அது சிப்புக்குள் இருக்கும் லேஅவுட்டுக்கு மட்டும். பிசிபிக்கு இல்லை.

டிரேட்மார்க்தான் உண்மையான கண்ணிவெடி. முன்பேனலில் 'பாஸ்மேன்' என்றோ, மார்ஷலின் சாய்ந்த வெள்ளை எழுத்து போலவோ எதுவும் வரக்கூடாது. விவரக்குறிப்பில் 'ஃபெண்டர் 5எஃப்6-ஏ வகை சர்க்யூட்' என்று நேர்மையாகச் சொல்ல டிரேட்மார்க் சட்டத்தின் 30ஆம் பிரிவு இடம் தருகிறது. அதையே கொட்டை எழுத்தில் தலைப்பாகப் போட்டால் தராது. பெரிய சண்டைகளைப் பாருங்கள், பெரும்பாலும் தோலைப் பற்றியவை. 2005இல் ரோலண்ட் நிறுவனம் பெரிங்கர் மேல் வழக்குப் போட்டது தன் 'பாஸ்' (Boss) பிராண்ட் பெடல்களின் தோற்றத்துக்காக. 2024இல் க்ளான் சென்டார் என்ற கிதார் பெடலைச் செய்த பில் ஃபின்னகன் பெரிங்கர் மேல் வழக்குப் போட்டதும் பெயருக்கும் தோற்றத்துக்கும்தான். அந்த பெடலின் பெயரைப் பெரிங்கர் பிறகு மாற்றியது.

வெறும் எண்ணும் டிரேட்மார்க் ஆகலாம். கிதார் கலைஞர் எடி வான் ஹேலன் ஆம்ப் நிறுவனமான பீவியை விட்டுப் பிரிந்தபோது '5150' அவரோடு போய்விட்டது. பீவி அந்த ஆம்பை 6505 என்று பெயர் மாற்றி விற்றது. பெயர்தான் போனது, ஆம்ப் பீவியிடமே இருந்தது.

ஈயப்பற்று:

52 சார் சொன்னது எல்லாம் சரி. ஆனால் கேள்வியில் பாதிக்குத்தான் அது பதில். சட்டம் எதை அனுமதிக்கிறது என்பது வேறு, யாருக்குக் க்ரெடிட் சேர வேண்டும் என்பது வேறு. காசு கொடுத்துத் தீர்க்கிற கடன் இல்லை இது.

ஜேடிஎம்45ஐயே எடுங்கள். முன்பேனலில் மார்ஷல். ஜேடிஎம் என்ற மூன்றெழுத்தில் இருப்பவர்கள் ஜிம்மும் அவர் மகன் டெர்ரியும். கட்டியவர்கள் கடையின் சர்வீஸ் ஆள் கென் பிரானும், இஎம்ஐயில் அப்ரன்டிஸாக இருந்த பதினெட்டு வயதுப் பையன் டட்லி கிரேவனும். கென் அண்டர்வுட்டும் கைகொடுத்தார். ஈயம் உருக்கியவர்கள் பெயர் ஆம்பில் எங்கும் இல்லை. சர்க்யூட் லியோ ஃபெண்டருடையது, கடை மார்ஷலுடையது, கை கிரேவனுடையது. மூன்றையும் ஒரே வார்த்தையில் 'டிசைன்' என்று அடக்கினால் சண்டை வராமல் என்ன செய்யும்?

டியூப் ஸ்க்ரீமர் என்ற கிதார் பெடலும் அப்படித்தான். பெட்டியில் ஐபனெஸ், செய்தது மேக்ஸான், வரைந்தது சுசுமு டமுரா. முதல் இரண்டு பெயர்தான் பலருக்கும் தெரியும்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு ஆள் உண்டு. பீட்டர் பாக்சண்டால் தன் டோன் கன்ட்ரோலை 1952 அக்டோபர் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எல்லாருக்கும் தெரியும்படி எழுதிவிட்டார். பிறகு அதைப் போடாத ஹைஃபை ஆம்ப் அபூர்வம். ஆனால் இன்றுவரை அந்த சர்க்யூட்டுக்கு 'பாக்சண்டால்' என்றுதான் பெயர். ஒளித்து வைத்தவர்களுக்குக் கூட அப்படிப் பெயர் நிற்கவில்லை.

லேஅவுட்காரர் விஷயத்தில் நான் அவர் பக்கம். 5எஃப்6-ஏவை டர்ரெட் போர்டில் வைப்பது ஸ்கீமேட்டிக் படிப்பது போல இல்லை. கேதோடு ஃபாலோயர் சாக்கெட்டுக்கும் டோன் பாட்டுக்கும் நடுவே வயர் எவ்வளவு நீளம், ஃபேஸ் இன்வெர்ட்டர் இன்புட் வயர் அவுட்புட் பிளேட் வயரைக் குறுக்கே கடக்கிறதா, ஃபில்டர் கேப்களின் கிரவுண்ட் எந்தெந்த நிலையோடு சேர்கிறது, இதையெல்லாம் ஒருவர் இராப்பகலாக நகர்த்தி நகர்த்தி ஹம் இல்லாமல் செய்திருக்கிறார். நீங்கள் எடுத்தது அந்த உழைப்பை.

அவரிடம் கேளுங்கள். ஒரு ஆம்புக்கு இவ்வளவு என்று பேசி, போர்டின் செம்பிலேயே அவர் பெயரைப் பொறியுங்கள். அவர் மறுத்தால் அந்தக் கோப்பை மூடிவிட்டு ஸ்கீமேட்டிக்கிலிருந்து புதிதாக வரையுங்கள். வரைந்தபின் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். காப்பியைக் காட்டிக்கொடுப்பது சரியான பகுதிகள் அல்ல, தேவையில்லாதவை: எங்கும் போகாத ஒரு துளை, காரணமில்லாத ஒரு ஜம்பர், தவறாக எழுதிய ஒரு கெப்பாசிட்டர் எண். பரீட்சையில் பிட் அடித்தவனை வாத்தியார் பிடிப்பதும் தப்பான விடையை வைத்துத்தானே.

கோல்டுகிளிப்பர்:

'நாலு பார்ட் மாற்றினால் அது புது டிசைனா' என்ற கேள்விக்கு ஹைகெயின் பக்கத்தில் நல்ல உதாரணம் இருக்கிறது. மார்ஷல் 2203இன் இரண்டாம் நிலைக் கேதோடில் 10 கே, பைபாஸ் கேப் இல்லை. வால்வு கட்ஆஃப் பக்கம் தள்ளிப்போய் அலையின் ஒரு பக்கத்தை முன்கூட்டியே வெட்டும். இதைத்தான் கோல்டு (cold, குளிர்ந்த) கிளிப்பர் என்கிறோம். சொல்டானோ எஸ்எல்ஓ-100இல் அந்த இடத்தில் 39 கே, இன்னும் குளிர்ச்சி, இன்னும் கூர்மையான வெட்டு. பிறகு வந்த மெஸா டூயல் ரெக்டிஃபையரைத் திறங்கள், 39 கே. பீவி 5150ஐத் திறங்கள், 39 கே.

அதற்காக மூன்றும் ஒன்று என்று சொல்ல முடியாது. ரெக்டிஃபையரில் மாடர்ன் மோடில் நெகட்டிவ் ஃபீட்பேக்கையே துண்டித்துவிடுகிறார்கள், அந்தத் தளர்ந்த கனத்த பாஸ் அங்கிருந்து வருகிறது. டயோடு, வால்வு என்று ரெக்டிஃபையரை மாற்றவும் சுவிட்ச் உண்டு. ப்ரீஆம்ப் கடன், பவர் பக்கம் சொந்தம் என்று பிரித்துச் சொன்னால் முடிந்தது. முழு ஆம்பையும் தூக்கித் தட்டில் வைத்து 'காப்பியா இல்லையா' என்று கேட்பதால்தான் இருபது பக்கத்துக்குச் சண்டை ஓடுகிறது.

உங்கள் மாஸ்டர் வால்யூமும் இந்தக் கணக்கில் வரும். ஃபேஸ் இன்வெர்ட்டருக்குப் பின்னால் வைக்கும் மாஸ்டர்களை 'ட்ரெயின்ரெக் டைப் 2, டைப் 3' என்று இன்றும் சொல்வது, ட்ரெயின்ரெக் ஆம்ப்களைக் கட்டிய கென் ஃபிஷர் அவற்றை ஊருக்கெல்லாம் விளக்கிச் சொன்னதால். உங்களுடையது டைப் 2 வகை இரட்டை பாட், பவர் வால்வு கிரிடுகளுக்கு பயாஸ் கொண்டுபோகும் ரெசிஸ்டர்கள் இருந்த இடத்தில் உட்கார்வது. அதில் ஒரு எமன் இருக்கிறது: பாட்டின் வைப்பர் (உள்ளே நகரும் தொடுமுனை) ஒரு நொடி தூக்கினாலும் கிரிடுக்கு பயாஸ் போகாது, கேடி66 பிளேட் சிவந்து, ட்ரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். ஒவ்வொரு வைப்பருக்கும் பயாஸ் முனைக்கும் நடுவே 2.2 மெக் ஒன்று போடுங்கள். இரண்டு ரெசிஸ்டர், சில்லறைக் காசு.

எபாக்ஸி வேண்டவே வேண்டாம். ஆம்ப் கட்டுநர் டம்பிள் ப்ரீஆம்ப் போர்டின் மேல் ஊற்றினார், க்ளான் பெடலுக்குள்ளும் ஊற்றினார்கள். இரண்டையும் சுரண்டி எடுத்து, அளந்து, ஸ்கீமேட்டிக் போட்டு, இன்று க்ளோன் கடல்போல் கிடக்கிறது. டம்பிளிலாவது ஒளிக்க ஏதோ இருந்தது, ஒவ்வொன்றையும் வாங்குகிறவர் கைக்கு ஏற்ப மாற்றித்தான் கொடுத்தார். நீங்கள் மூடப்போவது 1950களிலிருந்து எல்லாரிடமும் இருக்கும் ஒரு சர்க்யூட்டை. ஐந்து வருடம் கழித்து ஒரு கப்ளிங் கேப் லீக் ஆகி அடுத்த கிரிடில் டிசி ஏறினால், மெக்கானிக் எதை அளப்பார்? ஒரு கேப்புக்காக முழு போர்டைத் தூக்கிப்போட வேண்டும். அப்போது உங்கள் பெயரைத்தான் திட்டுவார்கள், லியோ ஃபெண்டரை இல்லை.

டர்ரெட்போர்டு:

எல்லாருக்கும் நன்றி. லேஅவுட்காரருக்கு எழுதியாயிற்று. சம்மதித்தால் போர்டில் அவர் பெயர், இல்லையென்றால் புதிதாக வரைவேன். எபாக்ஸி திட்டம் ரத்து. ஃபில்டர் 20, 20 ஆக்கிவிட்டேன். 2.2 மெக் இரண்டும் போர்டில் இடம் பிடித்துவிட்டன.

பின்பேனலுக்கு இப்படி யோசிக்கிறேன்: 'சர்க்யூட் அடிப்படை: ஃபெண்டர் 5எஃப்6-ஏ. முதல் நிலையும் ஃபீட்பேக்கும்: மார்ஷல் ஜேடிஎம்45 முறை. பிரைட் சேனல் கேதோடு: பிந்தைய மார்ஷல். மாஸ்டர் வால்யூம்: ட்ரெயின்ரெக் டைப் 2 வழி. ஸ்பீக்கர் 4, 8, 16 ஓம்.' முன்பேனலில் என் பெயர் மட்டும்.

ஒரு சந்தேகம். ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிறவர் மாதிரிக்கு அனுப்பியதில் 4, 8 ஓம் மட்டும்தான் இருக்கிறது. 16 இல்லை. அதனால் அதே 27 கேயை 8 ஓமில் மாட்டினேன். மாட்டிய உடனே விசில் அடிக்கிறது, வால்யூம் பூஜ்யத்திலும்.

கேதோடுஃபாலோயர்:

விசில் முதலில். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பிளேட் வயரும் இடம் மாறியிருக்கிறது. ஃபீட்பேக் பாசிட்டிவ் ஆகி ஆம்பே ஆசிலேட்டராகிவிட்டது. உடனே அணையுங்கள், இப்படி ஓடவிட்டால் ஸ்பீக்கரும் பவர் வால்வும் காலி. மெயின்ஸ் பிளக்கைக் கழற்றி, ஃபில்டர் கேப்களை ஒரு 10 கே, 5 வாட் ரெசிஸ்டரால் இறக்கி, மீட்டரில் பத்து வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்தபிறகு பிளேட் வயர் இரண்டையும் மாற்றிப் போடுங்கள். பத்து ஆம்பிலும் முதல் தடவை ஃபீட்பேக் வயரைக் கழற்றி வைத்தே ஆன் செய்யுங்கள். மற்றதெல்லாம் சரியாக இருந்தால், சிறிய சிக்னல் ஒன்றைக் கொடுத்து, வால்யூமைக் கொஞ்சம் வைத்து அந்த வயரைத் தொடுங்கள். சத்தம் குறைந்தால் சரி, கூடினாலோ கத்தினாலோ பிளேட் வயரை மாற்ற வேண்டும்.

இனி ரெசிஸ்டர். ஃபீட்பேக் போய்ச் சேரும் பிரசன்ஸ் பாட் 5 கே என்று வைத்துக்கொண்டால், பாஸ்மேன் அளவு ஃபீட்பேக் 8 ஓம் டேப்பிலிருந்து வேண்டுமானால் சுமார் 59 கே, கடையில் 56 கே. ஜேடிஎம்45 அளவு அதே 8 ஓமிலிருந்து வேண்டுமானால் 18 கே. 4 ஓமிலிருந்து என்றால் முறையே 39 கே, 11 கே. நீங்கள் 8 ஓமில் 27 கே போட்டதில் பாஸ்மேனைவிட இரண்டு மடங்கு, ஜேடிஎம்45ஐவிடக் குறைவு. இரண்டு ஆம்புக்கும் இடையில் எங்கோ நிற்கிறது.

அது காதுக்குப் பிடித்திருந்தால் அப்படியே விடுங்கள், ஆனால் லேபிளில் 'ஃபீட்பேக்: ஜேடிஎம்45 முறை' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். யோசித்துப் பார்த்தால் உங்கள் ஆம்பில் வேறு யாரிடமிருந்தும் வராத ஒரே விஷயம் அந்த 27 கேதான். ஜேடிஎம்45தான் வேண்டும் என்றால் 18 கே, அரை வாட் போதும்.

ஸ்பீக்கர் வரியில் 16 ஓமையும் எடுத்துவிடுங்கள், அச்சுக்குக் கொடுக்கும் முன்.